படை வேண்டாம், ஒரு நாத்தனார் போதும்

அது இந்தி இல்லக்கா. நீங்க மட்டும் இல்ல, எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. ரேஷன் கடையில ஒருத்தர் மலையாளமான்னு கேட்டாரு. ஊசி போடுற நர்ஸம்மா, "குழந்தையோட அப்பா வடக்கயா?"ன்னாங்க. வடக்கயும் இல்ல, மேற்கயும் இல்ல. அப்பா உவரிக்காரரு, கப்பல்ல வேலை. நான் வள்ளியூர். எங்க ரெண்டு குடும்பத்துலயும் நாங்குநேரியத் தாண்டிப் பொண்ணு எடுத்தவங்க கூட கிடையாது.

தண்ணி கேட்டா, அவ்வளவுதான். உங்க பாட்டிலக் காட்டி "இல்வா நிமா"ன்னா பாருங்க, அதுக்குத் தண்ணி குடுங்கன்னு அர்த்தம். குடுக்காதீங்க, எங்ககிட்டயும் இருக்கு. இவளுக்கு அடுத்தவங்க பாட்டில்ல இருந்தாத்தான் அது தண்ணி. ஜோவி, பெரியம்மா சேலைய விடு. ஹோரி. ஹோரின்னு சொல்றேன்ல. ஹோரின்னா போதும்னு அர்த்தம்.

என்ன பாஷைன்னு கேக்குறீங்க. சொல்றேன். ஆனா கொஞ்சம் மெதுவா. நமக்கு முன் சீட்டுல, கம்பியில தலையச் சாச்சுத் தூங்குறாங்களே, புதுப் பச்சைச் சேலை, அவங்க என் மைனி. என் வீட்டுக்காரரோட அக்கா. லூர்துன்னு பேரு. அவங்க காதுல விழுந்துரக் கூடாது. பயம்னு இல்லக்கா. பயப்பட அவங்க என்ன புலியா? ஒரு மரியாதை.

கேக்குதா குறட்டை? பஸ்ஸு இன்ஜினுக்கே போட்டியா இருக்கு. ஆச்சரியம் என்னன்னா, வீட்டுல மத்தியானம் படுத்தாங்கன்னா மூச்சு கூடக் கேக்காது. கட்ட மாதிரி கெடப்பாங்க. பஸ்ஸுல வந்தா மட்டும் இப்படி. சில பேருக்கு ஆட்டம் இருந்தாத்தான் தூக்கம் வரும் போல.

சரி, விஷயத்துக்கு வாரேன். இவ பேசுறது லூமி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உலகத்துல யாருமே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஏன்னா அந்தப் பாஷைய உண்டாக்கினது நான்தான்.

சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சாச்சு.

நான் கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. இத நான் பெருமைக்குச் சொல்லல, கல்யாணமே அதுக்குத்தான் நடந்துச்சு. பொண்ணு பாக்க மைனிதான் வந்தாங்க. மாமனார் மாமியார் யாரும் இல்ல, தாயும் தகப்பனும் இல்லாத வீட்டுல தையல் மெஷின மிதிச்சே தம்பிய ஆளாக்கினவங்க அவங்க. தனக்குன்னு ஒரு கல்யாணம் பண்ணிக்கல. எட்டாப்போட படிப்ப நிறுத்தினவங்க. வந்து உக்காந்தாங்க, காப்பியக் குடிச்சாங்க, "எங்க, இங்கிலீஷ்ல எதாவது பேசு புள்ள"ன்னாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, ஹாஸ்டல்ல சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற ஜெபத்த ஒரே மூச்சுல ஒப்பிச்சேன். ஆண்டவரே இந்த உணவை ஆசீர்வதியும்னு இங்கிலீஷ்ல. மைனிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அங்கேயே பூ வச்சுட்டாங்க. ஒரு காப்பிக்கு ஜெபம் சொல்லிக் கல்யாணம் ஆனவ இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அவங்களுக்கு என்ன தெரியும், அந்த ஜெபத்தத் தாண்டி நான் வாயத் தொறந்ததே இல்லன்னு? பள்ளிக்கூடத்துல தமிழ் பேசினா தண்டனை. இங்கிலீஷ் பேசினா பக்கத்துல இருக்கிறவ சிரிப்பா. அதனால நான் ரெண்டும் பேசல. தலையாட்டியே பாஸானேன். கடைசி வருஷம் எனக்கு நல்லொழுக்கத்துக்குப் பரிசு குடுத்தாங்க.

அப்படி வந்தவளுக்குப் பிள்ளை பெறந்துச்சு. இவரு கப்பலுக்குப் போய்ட்டாரு. வீட்டுல நானும், தொட்டிலும், மைனியும், மைனியோட மெஷினும். நடுவுல ஒரு துணித் திரை, அவ்வளவுதான் சுவரு. பேச ஆளில்லன்னு சொல்ல மாட்டேன். மைனி இருந்தாங்க. ஆனா அவங்ககிட்ட என்ன பேச? கான்வென்ட் பொண்ணுன்னு கட்டிட்டு வந்திருக்காங்க, வாயத் தொறந்தா சாயம் வெளுத்துரும்ல?

அதனால கதை எழுத ஆரம்பிச்சேன். போன்ல கதை ஆப் இருக்குல்ல, தொடர் போடுவாங்களே, அதுல. புனைபேரு நீலச்சிறகு. தயவுசெஞ்சு அதுக்கு மட்டும் சிரிக்காதீங்க.

மத்தவங்க எல்லாம் ஊரு உலகத்துல நடக்கிறத எழுதுவாங்க. எனக்கு ஊரும் தெரியாது, உலகமும் தெரியாது. அதனால நானே ஒரு நாட்ட உண்டாக்கிட்டேன். சதுப்பு நாடு. எங்க பாத்தாலும் தண்ணி, நாணல், படகு. அந்த ஜனங்க உப்பு விப்பாங்க, பாய் முடைவாங்க. அவங்க பேசுறது லூமி. மேல மலை நாடு. அங்க கோட்டை, ராசா, படை எல்லாம் உண்டு. உப்பு மட்டும் கிடையாது. உப்பு வேணும்னா கீழ எறங்கி வந்து பேரம் பேசணும், பேரம் பேசணும்னா லூமி தெரியணும். அப்படித்தான் மொதல்ல அந்தப் பாஷை மலையேறுச்சு. சிப்பாய் திட்டக் கத்துக்கிட்டான். சிப்பாய் பொண்டாட்டி தாலாட்டக் கத்துக்கிட்டா. ராசா அரண்மனையில சமையல்காரன் லூமியில உப்புக் கேட்டான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, ஒரு கத்தியும் எடுக்காம என் பாஷை ஒரு நாட்டையே புடிச்சுட்டுதேன்னு.

வார்த்தைக்கு எங்க போனேன்னு கேளுங்க. பாதி வார்த்தை மாத்திரை அட்டையில இருந்து எடுத்தது. பேறுகாலத்துக்குக் குடுத்த மாத்திரை எல்லாம் இப்ப சதுப்பு நாட்டுல மரம், மீன், மாமன், மச்சான். மீதிப் பாதி, பழைய பூசைப் பாட்டுல எனக்கு அர்த்தம் புரியாத இடங்கள். ஆண்டவரு மன்னிப்பாரு.

ஆப்புல பிச்சுக்கிட்டுப் போச்சுக்கா. கீழ கருத்து எழுதுறவங்க எல்லாம் லூமியிலயே எழுத ஆரம்பிச்சுட்டாங்க. சதுப்புக்காரங்க ஒரு கட்சி, மலைக்காரங்க ஒரு கட்சி. கிள்ளான்ல இருந்து ஒரு அண்ணன், மலேசியாவுல, அவரு என் வார்த்தைகள எல்லாம் அகராதி மாதிரி தொகுத்து வச்சிருந்தாரு. அவருதான் ஒருநாள் எழுதினாரு, "ஆசிரியரே, நீங்கள் இந்த அத்தியாயத்தில் பயன்படுத்தியிருப்பது கொச்சை லூமி." இன்னொரு பொண்ணு அதுக்குக் கீழ, "ஆசிரியருக்கு இன்னும் சரளமாக வரவில்லை, பழகப் பழக வரும்"னு ஆறுதல் சொல்லிருந்தா. நான் பெத்த பாஷையில நானே ஃபெயில். அங்கயும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

அப்புறம் புதுசா ஒரு தொடர் வந்துச்சு. பெரிய கம்பெனி முதலாளி, சிரிக்கவே மாட்டான், ஏழைப் பொண்ணக் கட்டாயக் கல்யாணம் பண்ணுவான். அவ்வளவுதான். என் நாடு காலி. வெள்ளம் வரல, பஞ்சம் வரல, எதிரி வரல. சிரிக்காத ஒருத்தன் வந்தான், சதுப்பு நாட்டு ஜனம் மொத்தமும் பாயச் சுருட்டிக்கிட்டு அவன் கம்பெனி வாசல்ல போய் நின்னுட்டாங்க. கிள்ளான் அண்ணனும் போய்ட்டாரு. அங்க போயி அவன் கோட் சூட்டுக்கு அகராதி போடுறாரோ என்னமோ.

சரி, இதுக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு பாக்குறீங்க.

என் வேலை முறை அப்படிக்கா. ஒரு கையில தொட்டில் கயிறு, ஒரு கையில போன். டைப் அடிக்க மூணாவது கைக்கு எங்க போக? போன்ல மைக் இருக்குல்ல, நாம பேசினா அதுவே எழுதிக்கும். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு, மைனி அந்தப் பக்கம் படுத்ததும், நான் இந்தப் பக்கம் தொட்டில ஆட்டிக்கிட்டே மெல்லமா சொல்லுவேன். தமிழ் வார்த்தைய ஒரு தடவை சொன்னா போன் புடிச்சுக்கும். லூமி வார்த்தைய அது எங்க புடிக்கும்? நிமான்னா நீ மாமான்னு எழுதும். மறுபடி சொல்லணும். நி-மா. தப்பு. நிறுத்தி, ராகம் போட்டு, நி... மா... தப்பு. ஒரு வார்த்தைக்கு அத்தனை தடவை. போனுக்குப் பாடம் எடுக்கிறேன்னு நெனச்சேன். போன் இன்னைக்கு வரைக்கும் கத்துக்கல. தொட்டிலுக்குள்ள கெடந்தது கத்துக்கிச்சு.

மொதல் வார்த்தை அம்மா இல்ல, அப்பா இல்ல. நிமா.

அப்ப மைனி திரைய விலக்கிக்கிட்டு வந்தாங்க. "என்னட்டி சொல்லுது? இங்கிலீஷா?"ன்னு கேட்டாங்க.

நான் தலையாட்டிட்டேன்.

எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானேக்கா? பயம்னு இல்ல. பழக்கம்.

மைனிக்குக் கால் தரையில பாவல. ரவிக்கை தைக்க வர்றவங்க, வாங்க வர்றவங்க, தெருவுல சும்மா போறவங்க, எல்லாருக்கும் சொல்லியாச்சு. "எங்க வீட்டுப் பிள்ள தொட்டில்லயே இங்கிலீஷ் பேசுது. அம்மக்காரி கான்வென்ட்ல." நீங்க நம்ப மாட்டீங்க, எங்க தெருவே பேச ஆரம்பிச்சுருச்சு. குழாயடியில குடம் நெறைஞ்சா "ஹோரி, ஹோரி"ன்னு குழாய மூடுவாங்க. பெட்டிக்கடை சுகந்தியக்கா வெயில் நேரத்துல "நிமா பாக்கெட்டு"ன்னு கூவுனாங்க. ஆட்டோக்கார அந்தோணி பிரேக் போடும்போதெல்லாம் ஹோரி. பிள்ளைங்களக் கண்டிக்கிறது, கொஞ்சுறது எல்லாம் லூமி. எனக்கு ஆப்புல ஒரு வருஷம் ஆனது தெருவுல ரெண்டே மாசத்துல ஆச்சு. அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. உப்பு, வியாபாரம், சிப்பாய்னு நான் என்னென்னமோ எழுதினேன். ஒரு பாஷை பரவணும்னா படை வேண்டாம்க்கா, ஒரு நாத்தனார் போதும்.

நான் என்ன பண்ணினேனா? வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். உச்சரிப்பு கூட நல்லா இருந்துச்சு.

அப்புறம் சுகந்தியக்கா மகன் இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து லீவுக்கு வந்தான். "எம்மா, இது இங்கிலீஷே கிடையாது, எவனோ ஏமாத்திருக்கான்"னு சொல்லிட்டான். ஒரே ராத்திரியில தெரு வாய மூடிக்கிச்சு. மறுநாள் காலையில குழாயடியில "போதும், போதும்". அந்தோணி பழையபடி தமிழ்ல பிரேக் போட்டாரு. ஒரு வார்த்தை மிச்சமில்ல. பாஷை எப்படிச் சாகும்னு பக்கம் பக்கமா எழுதினவ நான், இவ்வளவு சுளுவாச் சாகும்னு எனக்கே தெரியல. வெக்கம் வந்தா போதும் போல.

மைனி மட்டும் விடல. கடை வாசல்லயே போயி நின்னு, "எலேய், இது லண்டன் இங்கிலீஷ்ல. ஒங்க காலேஜ்ல அதெல்லாம் சொல்லித்தர மாட்டான், போ"ன்னு சண்டை. பாவம்க்கா. எனக்கு உள்ள நின்னு உடம்பெல்லாம் கூசுச்சு. ஒண்ணும் தெரியாத ஜீவன், எவ்வளவு நம்பிக்கை பாருங்க என்மேல. கப்பல்ல இருந்து இவரு போன் பண்ணும்போதும் அதேதான். "ஒம் பிள்ள பேசுறது ஒம் பொண்டாட்டி பாஷைல, தம்பி. வேற எவனுக்கும் வராது." இவரும் சந்தோஷமா சிரிப்பாரு. நான் பின்னாடி நின்னு தலையாட்டுவேன்.

வெகுளிக்கா அவங்க. ஒரு உதாரணம் சொல்றேன். நான் தொடரு சொல்ல ஆரம்பிச்சா அவங்க மெஷின் நின்னுரும். அந்த நேரம் பாத்துத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும். எவ்வளவு அவசர ஆர்டர் இருந்தாலும் அப்படியே போட்டுட்டுப் படுத்துருவாங்க. நான் முடிச்சதும் பத்து நிமிஷத்துல முழிப்பு வந்துரும், மறுபடி மெஷின் ஓடும். கடிகாரம் வச்ச மாதிரி. உடம்பு அப்படிப் பழகிருச்சு.

இன்னொண்ணு. போன தவக்காலத்துல என் கதையில கடைசி ஆளையும் கொன்னுட்டேன். படிக்க ஆளில்ல, அப்புறம் எதுக்கு இழுக்கணும்? ஓரன்னு ஒரு கிழட்டுப் படகுக்காரன். லூமி பேச அவன் ஒருத்தன்தான் மிச்சம். படகுல தனியா உக்காந்து தண்ணியோட பேசிக்கிட்டே செத்துப்போறான். நல்லாத்தான் எழுதினேன், நாலே பேரு படிச்சாங்க. அன்னைக்கு சாயங்காலம் மைனி துணிய வெட்டிக்கிட்டே, "வயசாளிய இப்படித் தனியாவா சாக விடுவாங்க? கூறு கெட்டவங்க"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாரு மைனி?"ன்னேன். "டிவியில"ன்னாங்க. ராத்திரி சாப்பிடவும் இல்ல. எங்க வீட்டு டிவி புயலுக்குப் போனது, இன்னும் சரி பண்ணல. பக்கத்து வீட்டுல பாத்திருப்பாங்க.

கதை முடிஞ்சா இவ மறந்துருவான்னு நெனச்சேன். மறக்கல. எனக்கே மறந்துபோன வார்த்தையெல்லாம் பேசுறா. எங்கிட்ட லூமி மட்டுந்தான். தமிழ் அவளுக்குப் புரியும், சொன்னா கேப்பா, ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை வராது. இங்கிலீஷு சுத்தமா கிடையாது. நான் சொல்லிக்குடுக்க உக்காந்தா என் நாக்கு ஹாஸ்டலுக்குப் போயிருது. "மை நேம் இஸ்"னு ஆரம்பிப்பேன், இவ சிரிப்பா. அவ சிரிச்சதும் நான் நிறுத்திருவேன்.

காலைல மைனிகூடப் போவா. தைச்சத குடுக்க மைனி வீடு வீடாப் போவாங்கல்ல, இடுப்புல இவளையும் தூக்கிக்குவாங்க. எல்லா வீட்டுலயும் அஞ்சு நிமிஷம், அந்த ரிட்டயர்டு ஃபிலோமின் டீச்சர் வீட்டுல மட்டும் ஒரு மணி நேரம். அப்படி என்ன ரவிக்கை அளவோ. அந்த டீச்சரம்மா ஒல்லி வேற.

இப்ப எங்க போறோம்னா, பாளையங்கோட்டையில ஒரு கான்வென்ட். எல்கேஜிக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டு, "வாட் இஸ் யுவர் நேம்?"னு கேப்பாங்க. இவ, "இல்வா நிமா"ம்பா.

நெனச்சுப் பாருங்க. எனக்கு அவமானம்னா பரவால்ல, எனக்குப் பழக்கம். ஆனா பக்கத்துல மைனி நிப்பாங்க. அந்தச் சேலையப் பாருங்க. ஊருக்கே தைக்கிறவங்க, தனக்குன்னு புது ரவிக்கை தைச்சு நான் பாத்ததே இல்ல. இதுக்காகத் தைச்சாங்க. காலைல கண்ணாடி முன்னாடி நின்னு, "கான்வென்டுக்குள்ள போறது இதான் மொதத் தடவ, நல்லாருக்கா புள்ள?"ன்னு என்னையக் கேட்டாங்க. அந்த இடத்துல வச்சு அவங்களுக்குத் தெரியணும், தான் பெருமையடிச்சது எல்லாம் மாத்திரை அட்டைன்னு. சுகந்தியக்கா மகன்கூடச் சண்டை போட்டது வீண்னு. கட்டிட்டு வந்தவ ஒரு ஜெபத்த வச்சு ஏமாத்திட்டான்னு. அவங்க முகம் எப்படி மாறும்னு நெனச்சுத்தான் எனக்கு மூணு நாளாச் சோறு எறங்கல. திட்டினா வாங்கிக்கலாம். திட்டாம இருந்துட்டாங்கன்னா?

சொல்லிருக்கலாம்தான். நேத்துக்கூட சொல்லணும்னு திரைவரைக்கும் போனேன். "என்ன புள்ள?"ன்னாங்க. "ஊசி இருக்கா மைனி?"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். வந்து அந்த ஊசிய வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம, கிழியாத பாவாடைய உக்காந்து தைச்சேன்.

குறட்டை நின்னுருச்சுல்ல? நாங்குநேரிக்கு முந்தியே நின்னுருச்சுன்னு நெனக்கிறேன். நல்லா அசந்துட்டாங்க.

ஒரு வேடிக்கை சொல்லவா? இதுக்கு என் கதையிலயே ஒரு வழி இருக்கு. மலை ராசா ஒரு கட்டத்துல முழிச்சுக்குவான், நம்ம கோட்டைக்குள்ளயே லூமியான்னு. பள்ளிக்கூடம் கட்டி, சதுப்புப் பிள்ளைங்க எல்லாம் வந்து மலைப் பேச்சுதான் பேசணும்னு சட்டம் போடுவான். லூமி பேசினா தண்டனை. எங்க இருந்து எடுத்தேன்னு உங்களுக்கே தெரியும். அப்ப சதுப்புநாட்டுத் தாய்மாருங்க ஒரு வழக்கம் கொண்டுவருவாங்க. பிள்ளைய அனுப்பும்போது வாசல்ல நிறுத்தி, விரலத் தண்ணியில நனைச்சு, உதட்டுல வச்சு, "வெலூனா"ம்பாங்க. நம்ம பேச்சு உள்ள பத்திரமா இருக்கு, இப்ப நீ போயி அவங்க பேச்சப் பேசு, திரும்பி வந்ததும் எடுத்துத் தாரேன்னு அர்த்தம். பிள்ளைங்க பயமில்லாமப் போகும். ரெண்டையும் பேசும்.

அந்த அத்தியாயத்த நான் அழுதுக்கிட்டே சொன்னேன். இவ தொட்டில்ல பச்சப் பிள்ளையா கெடந்த நாள். மறுநாள் ஆசையாத் திறந்து பாத்தா, ஒரு கருத்து இல்ல. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. சரி, யாருக்கும் புடிக்கலன்னு அந்த வார்த்தைய அப்புறம் நான் எடுக்கவே இல்ல. வீட்டுலயும் சொன்னதில்ல. எழுதத் தெரிஞ்சுச்சே தவிர, என் பிள்ளைக்குச் செய்யணும்னு எனக்குத் தோணல பாருங்க. கதையில எல்லாம் நான் ரொம்ப தைரியசாலி.

பாளையங்கோட்டை வந்துருச்சா? மார்க்கெட் ஸ்டாப்பா அது? அய்யோ.

முழிச்சிட்டாங்க. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலப் பாருங்க.

இல்ல மைனி, சும்மாதான். இந்தக்கா ஊரு எதுன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இந்தா, எல்லாம் எடுத்துட்டேன். பொறப்புச் சான்று பையில இருக்கு. ஜோவி, எந்திரி, அத்தைகிட்ட போ. தண்ணியா? தண்ணி எதுக்கு மைனி இப்ப? எறங்கிக் குடிக்கலாமே. சரி, இந்தாங்க.

அக்கா.

அக்கா, பாக்குறீங்களா? பாட்டில் மூடியில தண்ணிய ஊத்துறாங்க. விரல முக்குறாங்க. உதட்டுல வைக்கிறாங்கக்கா, இவ உதட்டுல. இவ கண்ண மூடிக்கிட்டு நிக்கிறா பாருங்க, தெனமும் நிக்கிற மாதிரி.

கேட்டீங்களா? வெலூனான்னாங்க. கேட்டீங்கல்ல? நான் சொல்லிக்குடுக்கலக்கா, சத்தியமா. அந்த மாதாமேல சத்தியம்.

என்ன ஜோவி? பெரியம்மாவுக்கா? சொல்லு.

தமிழ்தான் பேசினா. "போய்ட்டு வாரேன் பெரியம்மா, ஒங்க தண்ணி நல்லாருந்துச்சு"ன்னா. நீங்க எப்ப தண்ணி குடுத்தீங்க? நான் பேசிக்கிட்டிருக்கும்போதா? அடுத்தது என்ன? "குட் மார்னிங் சிஸ்டர், மை நேம் இஸ் ஜோவிட்டா." மூச்சு விடாம. ஃபிலோமின் டீச்சர் இழுக்கிற மாதிரியே சிஸ்டர்னு இழுக்கிறா.

மைனி... நீங்க...

என்ன சொன்னாங்கன்னு கேக்குறீங்களா? ஒங்களுக்குக் கேக்கலயா? இந்த இன்ஜின் சத்தத்துல எனக்கே சரியா... "எறங்கு புள்ள, மணியாச்சு"ன்னாங்க. அப்புறம் படியில காலை வச்சுக்கிட்டே, திரும்பிப் பாக்காம, "அந்தப் படகுக்காரனுக்கு ஒரு பேத்தியாவது இருந்திருக்கணும். போகும்போது அத யோசிச்சுக்கிட்டே வா. மத்தியானம் சொல்லணும்"னாங்க.

வாரேன் மைனி, இந்தா வந்துட்டேன்.

அக்கா, அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. சான்று இருக்கிற பையவே மறந்துட்டு எறங்கப் பாத்தேன். பயம்னு இல்லக்கா.